சந்தனப் பொட்டு வைத்த கார்டு

சரசு அட்வான்ஸ் கொடுத்த விதத்திலேயே ஆல்வினுக்கு இந்தக் கேஸ் பிடித்துப்போயிற்று.

"ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ்" என்று சத்யபிரியா சொல்லி வாயை மூடவில்லை. அந்த அம்மாள் இடுப்பிலிருந்து போனை உருவி, மேஜை மேலிருந்த ஸ்கேனர் அட்டையைக் காட்டி, நாலு எண்ணைத் தட்டினாள். அலமாரி மேலிருந்த பெட்டி, "ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியது.

"மேடம், போன வாரம் வந்த மாப்பிள்ளை கேஸ் அப்பா இன்னும் பர்ஸைத் தேடிட்டு இருக்கார்" என்றான் ஆல்வின்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது ‘சத்யபிரியா துப்பறியும் நிலையம்’. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். வருகிற கேஸில் பத்துக்கு ஒன்பது, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதுதான். சத்யபிரியா பன்னிரண்டு வருஷம் ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்தவள். ஆல்வின் அவளுடைய உதவியாளன். அவனுக்கு வயது இருபத்தெட்டு, வாய்க்கு ஐம்பது.

"சொல்லுங்க" என்றாள் சத்யபிரியா.

"சிட்லபாக்கத்துல ஏரிக்கு இந்தாண்ட ஒரு காலனி கீது மேடம். நாலு வூட்ல வேலை செய்றேன். அதுல சீனிவாசராகவன் சாரு வூட்ல, கிரெடிட் கார்டுலேர்ந்து நாப்பத்தாறாயிரம் பூட்ச்சாம். பீரோ ரூமை நான்தான் பெருக்குறேன், அதனால நான்தான் எடுத்தேனாம். அந்தக் கார்டு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

"போலீசுக்குப் போனாங்களா?"

"செக்ரட்ரி அச்சுதன் சாருதான் வேணாம்னு சொல்லிட்டாரு. பெருந்தன்மையாம். அதுக்குப் பதிலா இன்னிக்கு அஞ்சு மணிக்கு மீட்டிங் போட்டு, எந்த வூட்லயும் என்னை சேக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்க." சரசுவின் குரல் அதுவரை சண்டைக்கு நின்றது, அங்கே உடைந்தது. "நாலு வூடும் போனா அரிசிக்கே வழி இல்ல. அதுகூட எப்படியாவது பாத்துக்குவேன். திருடின்னு பேரு வந்துட்டா எந்தத் தெருல போய் வேலை கேப்பேன் மேடம்?"

ஆல்வின் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்து. ஜோக் அடிக்க வாயைத் திறந்தவன், சரசுவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அது அவன் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கும் காரியம்.

ஸ்ரீநிவாசராகவன் அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான். மனைவி வைக்கிற ரசத்தை இன்றைக்கும் தணிக்கை செய்துகொண்டிருந்தார்.

"அவ உங்களை அனுப்பினாளா? திருடினவளே டிடெக்டிவ் வெச்சுண்டு வர காலம்!" என்று ஆரம்பித்தவர், சத்யபிரியா வங்கியில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் நாற்காலியைக் காட்டினார். அப்புறம் மூச்சு விடவில்லை. "இந்தப் போன்ல பணம் வெச்சுக்கறதெல்லாம் சுத்த பைத்தியக்காரத்தனம். பேட்டரி போச்சுன்னா ஒரு காபிகூடக் குடிக்க முடியாது. போனே தொலைஞ்சா? மொத்தமும் அவுட். கார்டு அப்படியா? என் கார்டு, என் பீரோ, என் சாவி. எவன் உள்ள வருவான்?"

"வந்துட்டானே சார், நாப்பத்தாறாயிரத்துக்கு" என்றான் ஆல்வின்.

சத்யபிரியா அவன் காலை மிதித்தாள். "கார்டை எங்கெல்லாம் உபயோகப்படுத்தினீங்க?"

"ஒரே ஒரு தடவை. போன வருஷம் நியூஜெர்சியில பையனாத்துக்குப் போனப்ப. வெளிநாட்டுக்குன்னு பேங்க்ல ஏதோ திறந்து விட்டா. அங்க ஒரு காபி வாங்கினேன். அதுவும் கழுநீர். திரும்பி வந்து பீரோல வெச்சவன்தான், தொடவே இல்லை."

"வெளிநாட்டு உபயோகத்தைத் திரும்ப மூடினீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார். மூடவில்லை என்று அர்த்தம்.

"அதான் ஓடிபி கேட்காமலே போயிருக்கு. வெளிநாட்டுக் கடைங்க சிலதுல பின்னாடி இருக்கற மூணு எண்கூடக் கேட்கமாட்டாங்க. முன்பக்கம் இருக்கறது போதும். சரி, பணம் போனப்ப மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்திருக்கும். நான் திறக்கறதில்லை. பேங்க் மெசேஜைத் திறந்தாலே பணம் போயிடும்னு எங்க செக்ரட்டரி அச்சுதன் கிளாஸ் எடுத்தார். சைபர் விழிப்புணர்வு முகாம். போண்டாகூடக் குடுத்தா. போன வாரம் தபால்ல ஸ்டேட்மென்ட் வந்தப்பறம்தான் எனக்கே தெரியும்."

அவருடைய பட்டன் போனை ஆல்வின் வாங்கிப் பார்த்தான். படிக்காத மெசேஜ் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவன் கட்டைவிரல் தேயத் தேய அக்டோபர் வரைக்கும் போனான். அங்கே நின்றுவிட்டான்.

"மேடம், இங்க ஒருத்தன் கதவைத் தட்டிகிட்டே இருந்திருக்கான். ஆயுத பூஜை முடிஞ்சு நாலாவது நாள் ஆரம்பிச்சிருக்கு. ‘கார்டு காலாவதி மாதம் தவறு, பரிவர்த்தனை ரத்து.’ மறுபடியும் அதே. மறுபடியும் அதே. மூணு நாள்ல மொத்தம் ஏழு தடவை. எட்டாவது தடவை உள்ள போயிட்டான்."

"ஏழு தோல்வி, எட்டாவது வெற்றி" என்று சத்யபிரியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். "சார், கார்டைக் கொஞ்சம் காட்டுங்க."

காலண்டருக்குப் பின்னால் தொங்கிய சாவி வந்தது, பீரோ திறந்தது, துணிப் பைக்குள் இருந்த கவருக்குள் இருந்த இன்னொரு கவரிலிருந்து கார்டு வெளிப்பட்டது. ஆல்வின் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கார்டின் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். காய்ந்து ஓடு கட்டிப் போயிருந்தது.

"இது என்ன சார்?"

"சரஸ்வதி பூஜைக்கு வெச்சது. செக் புக், பாஸ்புக், கார்டு எல்லாத்தையும் தட்டுல வெச்சுப் பொட்டு இடறது எங்காத்து வழக்கம்."

"துடைக்கலையா?"

"பூஜைப் பொட்டைத் துடைக்கறதாவது!"

சத்யபிரியா கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். பதினாறு எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. காலாவதி வருஷம் தெரிந்தது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய மாதத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது பொட்டு. "பெருமாள் மன்னிப்பார்" என்று சொல்லிவிட்டு நகத்தால் ஓரமாகச் சுரண்டினாள். உள்ளே இருந்தது எட்டு. ஆகஸ்ட்.

ஆல்வின் விரல் விட்டு எண்ணினான். "ஜனவரி, பிப்ரவரின்னு வரிசையா போட்டுப் பார்த்திருக்கான்! எட்டாவதுல விழுந்திருக்கு!"

"சார், இப்ப நீங்க தணிக்கை பண்ணுங்க" என்றாள் சத்யபிரியா. "கார்டு சரசு கையில கிடைச்சிருந்தா, நான் பண்ணின மாதிரி ஒரு சுரண்டல், மாசம் தெரிஞ்சிருக்கும். நியூஜெர்சி காபிக் கடைக்காரனா இருந்தா அவன் பார்த்தப்ப பொட்டே கிடையாது. ஏழு தடவை தோத்தவன் இந்தக் கார்டைத் தொட்டதே இல்லை. பொட்டு வெச்ச கோலத்துல கண்ணால பார்த்திருக்கான், அவ்வளவுதான்."

பெரியவர் கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பூட்டின பீரோக்குள்ள எப்படிப் பார்ப்பான்?"

"அதான் கார்டோட சங்கடம். சரசு கடையில போனைக் காட்டினா, கடைக்காரனுக்கு அவ கணக்கு நம்பரும் தெரியாது, ரகசிய எண்ணும் தெரியாது. அது அவ மண்டைக்குள்ள இருக்கு. போன்ல கார்டையே ஏத்தி வெச்சிருந்தாலும் கடைக்குப் போறது ஒரு புனைபெயர் மாதிரி வேற நம்பர். உங்க கார்டு மட்டும்தான் ஜாதகத்தை நெத்தியில ஒட்டிகிட்டுத் திரியுது. ஒரு தடவை யார் கண்ணுல பட்டாலும் போதும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த திரிபுரசுந்தரி மாமி மெதுவாகக் கேட்டாள். "போட்டோ எடுத்தாலும் தெரியுமா?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"காலனியில ஆயுத பூஜை போட்டோ போட்டி வெச்சா. அனுப்பினேன். இரண்டாம் பரிசு, ஹாட் பாக்ஸ் குடுத்தா. தெருமுனையில ஃப்ளெக்ஸ் போர்டே வெச்சாளேன்னா! ஏழு வாரமா தொங்கறது, நீங்கதான் தினம் அதைத் தாண்டி வாக்கிங் போறேள்."

ஸ்ரீநிவாசராகவன் தன் பீரோவைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். ரெண்டு கவரையும் பார்த்தார். இத்தனை பூட்டுக்குள் இருந்த கார்டு ஏழு வாரமாகத் தெருவில் தொங்குகிறது என்ற செய்தி அவரை நாற்காலியில் உட்கார வைத்தது.

"பத்தடி அகலத்துல பாதுகாப்பா வெச்சிருக்கீங்க சார்" என்றான் ஆல்வின். இந்தத் தடவை சத்யபிரியா காலை மிதிக்கவில்லை.

தெருமுனைக்கு ஓடினார்கள். ஃப்ளெக்ஸ் மழையில் நனைந்து, காற்றில் ஒரு காது கிழிந்து தொங்கியது. பரிசு வாங்கிய மூன்று போட்டோக்கள் இருந்தன. மாமியின் பூஜைப் படம் நடுவில். சரஸ்வதி படம் தெரிந்தது, வாழைப்பழம் தெரிந்தது, செக் புக் தெரிந்தது. கார்டு இருக்க வேண்டிய வலது கீழ் மூலையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் கைகூப்பியபடி செயலாளர் அச்சுதன், இருபது வருஷத்துக்கு முந்தைய அடர்ந்த தலைமுடியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"போச்சு" என்றான் ஆல்வின். "கார்டு மேலயே செக்ரட்டரி உட்கார்ந்துட்டார். இதைப் பார்த்து ஒருத்தனும் நம்பர் எடுக்க முடியாது."

"அப்ப, வட்டம் போடறதுக்கு முன்னாடி படத்தைப் பார்த்தவன்தான்" என்றாள் சத்யபிரியா. "ஃப்ளெக்ஸ் அடிச்சது யார்?"

அடியில் பொடி எழுத்தில் இருந்தது, அஸ்தினாபுரம் கடை ஒன்றின் பெயர். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது ஆல்வின் பெருமையாகப் போனை நீட்டினான். போன் செத்திருந்தது. பெரியவருடைய பட்டன் போனைத் தோண்டிய நேரமெல்லாம் தன் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்ததை அவன் மறந்துபோயிருந்தான். சத்யபிரியா பர்ஸிலிருந்து நூறு ரூபாய் எடுத்து ஆட்டோவுக்குக் கொடுத்தாள். பேட்டரி விஷயத்தில் மட்டும் பெரியவர் சொன்னது சரிதான் என்று ஆல்வின் மனசுக்குள் ஒப்புக்கொண்டான், வெளியே சொல்லவில்லை.

கடையில் ஜோஷ்வா என்ற டிசைனர் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு காதுகுத்து விழாவுக்கு யானைகளை நிறுத்திக்கொண்டிருந்தான். ஆல்வின் மனசுக்குள் அவனுக்கு விலங்கு மாட்டிவிட்டான். ஒரிஜினல் படம் பார்த்தவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன், முகத்தில் தாடி. வேறென்ன வேண்டும்?

"கார்டை மறைக்கணும்னுதானே அந்த வட்டத்தை அங்க வெச்சே?" என்று நேராகவே பாய்ந்தான்.

"இன்னாண்ணா பேஜாரு!" என்று ஜோஷ்வா எழுந்தேவிட்டான். "எந்தக் கார்டு? நான் அந்த மூலையில ஒண்ணுமே வெக்கல. எப்பவும்போல சார் படத்தை மேல, நடுவுல, சாமிக்குப் பக்கத்துல பெருசா வெச்சேன். நாலு வருஷமா அச்சுதன் சாருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன் மேடம். சாமியைக் கொஞ்சம் நகத்துப்பான்னு சொல்ற ஆளு. இந்த தபா மட்டும் கீழ மூலைக்குப் போறேன்னு அவரே அடம் புடிச்சாரு. எனக்கே அதிசயம்."

சத்யபிரியாவின் கண் சுருங்கியது. "எப்படிச் சொன்னார்? நேர்லயா?"

"வாய்ஸ் மெசேஜ். இருக்கு, கேளுங்க."

மணி நாலே முக்கால்.

காலனிப் பூங்காவின் கொட்டகையில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி. சரசுவுக்கு ஒன்றுகூடக் கிடையாது. தூண் ஓரமாக நின்றாள். மேடையில் அச்சுதன், தலையில் தொப்பி. ஒரு மாதமாகவே தொப்பிதான், சைனஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்பானவர்களே, இந்தம்மா மேல நமக்குக் கோபம் இல்லை. ஆனா பாதுகாப்பு முக்கியம்" என்று அவர் தொடங்கும்போது சத்யபிரியா எழுந்து போய், மைக்குக்குப் பக்கத்தில் தன் போனைப் பிடித்தாள்.

கொட்டகை முழுக்க அச்சுதன் குரல் கேட்டது: "தம்பி, என் படத்தை மேல வைக்காதே. கீழ வலது மூலையில, மாமியோட பூஜைத் தட்டு மேலேயே வை. அந்த இடம் துளிகூடத் தெரியக்கூடாது."

"அன்பானவர்களே" என்றாள் சத்யபிரியா. "நாலு வருஷமா சாமியை நகர்த்திட்டு மேல நின்னவர், இந்தத் தடவை ஏன் கீழ மூலையில போய் உட்கார்ந்தார்? அந்த மூலையில சாரோட கார்டு இருந்துச்சு. பார்த்தவுடனே ‘மாமி, படத்துல கார்டு தெரியுது’ன்னு ஒரு போன் பண்ணியிருந்தா இவரை நானே கும்பிட்டிருப்பேன். அவர் மறைச்சார், ஆனா சொல்லலை. வேற யாருக்கும் நம்பர் தெரியக்கூடாதாம். இந்த வாய்ஸ் மெசேஜ் போன மறுநாள் காலையிலேயே முதல் முயற்சி."

"அழகுக்காக வெச்சேன்!" அச்சுதன் குரல் கீச்சிட்டது. "ஒரு ஃப்ளெக்ஸை வெச்சு என்னைத் திருடன்னு சொல்வீங்களா? என்ன வாங்கினேன், எங்க வாங்கினேன், ஆதாரம் இருக்கா?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். ஆதாரம் என்று கையில் கொடுக்க அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருந்ததை வைத்து விளையாட வேண்டியதுதான் என்று அவன் எழுந்தான்.

"ஸ்டேட்மென்ட்ல இருந்த கம்பெனி பேரைத் தேடிப் பார்த்தோம் சார். ரெண்டு ஆர்டர். ரெண்டும் முடி வளர்ற மருந்து. திருடினதா நீங்க சொல்ற சரசக்காவுக்கு இடுப்பு வரைக்கும் முடி இருக்கு. இதோ பாருங்க பாட்டில் படம்" என்று ஜோஷ்வா கடையில் சார்ஜ் ஏற்றிய போனைத் தூக்கிக் காட்டினான்.

தூண் ஓரத்திலிருந்து சரசு எட்டிப் பார்த்தாள். "தே, இந்த நீல பாட்டிலா? சப்பையா, வெள்ளி மூடி போட்டு?"

கொட்டகையே அவள் பக்கம் திரும்பியது.

"செக்ரட்ரி சாரு வூட்லயும் நான்தானே குப்பை கொட்றேன். போன மாசம் குப்பைக்கூடையில கெடந்துச்சு. நல்லா கீதேன்னு கழுவி எடுத்துகினு போய்த் தேங்கெண்ணெய் ஊத்தி வெச்சிகினுகீறேன். வூட்ல கீது, வேணும்னா எடுத்துகினு வரட்டா?"

அச்சுதனின் கை தானாகவே மேலே போய்த் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கொட்டகை மொத்தமும் சிரித்தது. சரசு மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஸ்ரீநிவாசராகவன் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் போட்டார். "உக்காரும்மா. தப்பு என் பேர்ல. நாலு பேர் முன்னாடி திருடின்னு சொன்னேன். நாலு பேர் முன்னாடியே மன்னிப்புக் கேக்கறேன்."

சரசு உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்தாள். யோசித்தாள்.

"நாலு பேரு பத்தாது சார். நான் திருடல்லன்னு தெருமுனையில ஒரு ஃப்ளெக்ஸ் வைங்க. என் போட்டோ போட்டு. மேல, நடுவுல."

அச்சுதன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், பதவியை விட்டார், போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடக்க ஆரம்பித்தார். பத்து நாள் கழித்து ஒரு காலை, அஸ்தினாபுரம் கடையில் சரசுவும் ஸ்ரீநிவாசராகவனும் ஆர்டர் கொடுக்க வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஆல்வினும் தொற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"எழுநூறு ரூபா சார்" என்றான் ஜோஷ்வா.

பெரியவர் கம்பீரமாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டு, வங்கி அனுப்பிய புதுக் கார்டை எடுத்தார்.

"மிஷின் இல்ல சார். ஸ்கேன் பண்ணுங்க."

அவர் கார்டைப் பார்த்தார், பட்டன் போனைப் பார்த்தார், ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் மேலே ஓடிய மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தான். சரசு இடுப்பிலிருந்து போனை எடுத்து நாலு எண்ணைத் தட்டினாள். பெட்டி கத்தியது.

"சாயந்தரம் ஆத்துக்கு வரச்சே தந்துடறேன் சரசு."

"தராங்காட்டி போ சார், நானே எடுத்துக்கினு பூடறேன். புதுக் கார்டுக்கும்தான் பொட்டு வெச்சிருக்கியே, நம்பரு பளிச்சுனு தெரியுது."

பெரியவர் கார்டை அவசரமாகப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார். ஜோஷ்வா திரையில் சரசுவின் படத்தை இழுத்து மேலே, நடுவில் வைத்தான். சாமியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

"அக்கா, கீழ எடம் காலியா கீது. பழைய ஃபைல்ல அச்சுதன் சார் வட்டம் அப்படியே கீது. எடுத்துடவா?"

சரசு திரையைப் பார்த்தாள். அவள் சிரித்ததை ஆல்வின் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான்.

"இருக்கட்டும்பா. அந்த மூலையிலயே வை. அவரு ஆசையா கேட்டு வாங்கின எடமாச்சே."